மீனுக்கு ஒரு மாதம் ஆகும்

ஃப்ரைபுர்க்,
11 பிப்ரவரி 2001

அன்புள்ள பிரியா,

கம்ப்யூட்டர் காலத்தில் எதற்கடி தபால் என்று சிரிப்பாய். நம் லேபுக்கு இருப்பது ஒரே ஒரு ஈமெயில். அதை ஆபீஸ் உமாசங்கர் திறந்து, அச்சடித்து, டைரக்டர் மேசை வழியாகத்தான் உன்னிடம் தருவார். இது அந்த வழியில் வரக்கூடாத விஷயம்.

நம் பரிசோதனை இங்கே வரவில்லை. மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். முதல் முறை, ஊருக்குப் புதுசு, கை பழகவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த முறை, நம் புரதம் விமானத்தில் வரும்போது கெட்டிருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது முறை நீ ஐஸில் வைத்து அனுப்பிய புதுக் குப்பியை உடைத்துச் செய்தேன். அப்போதும் மீன் தன் வழக்கப்படிதான் நடந்துகொண்டது.

நேற்று பேராசிரியர் ஹெல்கா என்னை எதிரே உட்காரவைத்து, ஹைதராபாத்தில் செய்ததை ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். ஜீப்ரா மீன்களைச் சில நாட்கள் கும்மிருட்டில் வைப்போம். இருட்டுக்குப் பழகிய கண்ணில் பலமான வெளிச்சம் அடித்தால் விழித்திரையில் உள்ள பார்வை செல்கள் செத்துவிடும். மனிதனுக்கு என்றால் அதோடு சரி. மீனுக்கு அவை திரும்ப முளைக்கும், ஒரு மாதம் ஆகும். நாங்கள் கண்டுபிடித்த புரதத்தை ஊசியால் கண்ணுக்குள் செலுத்தினால் ஒரே வாரத்தில் முளைக்கின்றன. இவ்வளவுதானே நம் கட்டுரை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, செல்களை எண்ணியது யார் என்றார். நான்தான் என்றேன். தனியாகவா என்றார். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. 

ஜூன் நடுவில் கூட்டம் போட்டு, என்னை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். எண்ணிக்கையைக் கற்பனையில் எழுதியவள் என்று பெயர் வந்துவிட்டால் உலகத்தில் எந்த லேபும் என்னை வாசலில் சேர்க்காது. கல்யாணத்தைத் தள்ளிவைத்து என்னை இங்கே அனுப்பியதற்கு மேலப்பாளையத்தில் வாப்பா கேட்காத பேச்சில்லை. திரும்பிப் போய் அவர் முகத்தில் எப்படி முழிப்பேன்?

நீ அங்கே செய்து நான் இங்கே விட்டது எது? யோசித்து எழுது.

உன்,
ஃபாத்திமா


ஹைதராபாத்,
27 பிப்ரவரி 2001

அடி ஃபாத்தி,

கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. பிறகு பாவமாக இருந்தது. இப்போது மறுபடி கோபமாக இருக்கிறது.

கட்டுரை அச்சேறப் போகிற நேரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பறந்தாய். திருத்தம் கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒருத்தி உட்கார்ந்து பதில் எழுதினேன். இப்போது அங்கிருந்து, வரவில்லை வரவில்லை என்கிறாய். இங்கே வருகிறதே. ஜனவரியில்கூடச் செய்தேன், அப்படியே வந்தது. உங்கள் ஊர்த் தண்ணீரைப் பார், மீனின் சாதியைப் பார், விளக்கின் உயரத்தைப் பார். கை நடுங்குகிறதா என்றும் பார். நீ பயந்தால் ஊசி ஆழமாக இறங்கும், எனக்குத் தெரியும்.

இங்கே நிலைமை வேறு. தெலுங்குப் பத்திரிகையில் என் படத்தோடு செய்தி போட்டுவிட்டார்கள். கண் ஆஸ்பத்திரியில் புதிதாக மீன் ஆராய்ச்சிப் பிரிவு தொடங்குகிறார்கள், தலைமைக்கு என் பெயர் போயிருக்கிறது. டைரக்டர் பாலசுப்ரமணியன் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார், நம்புவாயா?

செய்தியைப் பார்த்துவிட்டு தண்டபாணி என்று ஒருவர் வருகிறார். சேலத்துக்காரர், பட்டான்செருவில் கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அமிலம் தெறித்து ஒரு கண் போய்விட்டது, மற்றதும் மங்கிக்கொண்டிருக்கிறது. வார விடுமுறையில் ஷேர் ஆட்டோ மாறி மாறி ஏறி வந்து கேட்டருகே நிற்பார். "மனுசனுக்கு எப்ப வரும் மேடம்?" என்பார். இன்னும் கொஞ்ச காலம் ஆகும் என்று சொல்லி அனுப்புவேன். இதற்கெல்லாம் நடுவில் நீ வேறு.

பயப்படாதே, வரும். நீ போன பிறகும் முருகனுக்கு உன் பல்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. தொண்ணூற்றொன்பது ஆயுத பூஜைக்கு இருட்டறை அலமாரியில் சுவாமிமலை முருகன் படத்தை வைத்து நான் அகல் ஏற்றினேனே, அந்த வாரம்தானே முதல்முதலில் வந்தது. எண்ணெய்ப் புகை தண்ணீரில் படிகிறது என்று திட்டிவிட்டு, கோட்டிக் கடைத்தெருவில் சிவப்பு ஜீரோ வாட் பல்பு வாங்கி வந்து மாட்டியவள் நீ. சென்டிமென்ட் என்று சிரித்துக்கொண்டேதான் ஒவ்வொரு முறையும் ஸ்விட்சைப் போட்டாய். உனக்கு அங்கே அதுதான் குறை போலிருக்கிறது.

பிரியா


ஃப்ரைபுர்க்,
14 மார்ச் 2001

பிரியா,

நீ விளையாட்டாக எழுதிய கடைசிப் பத்தியைத்தான் மூன்று நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் இங்கே ஒரு பையன் மீன் இருட்டறைக்குள் சிவப்பு டார்ச்சோடு போய்விட்டான். ஃபோட்டோ கழுவும் அறையில் சிவப்பு விளக்கு எரிகிறதே, அந்த நினைப்பு. ஹெல்கா அவனைப் பிடித்து உலுக்கிவிட்டார். மீனுக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும், அந்த வெளிச்சம் பட்டால் அது இருட்டே இல்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கு என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. நீ பல்பைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகுதான் உறைத்தது.

நிதானமாக நினைத்துப் பார். முருகன் எந்தத் தட்டில் இருந்தார்? மேல் தட்டில். புரதம் போடப்போகிற மீன்கள் எந்தத் தட்டில்? அதுவும் மேல் தட்டில். முதல் தடவை அங்கே இருந்தபோது வந்ததென்று, அதன் பிறகு ஒருநாளும் நாம் தொட்டியை மாற்றவில்லை. சும்மா உப்பு நீர் போடுகிற மீன்கள் கீழ்த் தட்டில், பலகையின் நிழலில் இருந்தன. கீழே நிஜமான இருட்டு. மேலே இராப்பகலாகச் சிவப்பு வெளிச்சம்.

இருட்டுக்குப் பழகாத கண் பலமான வெளிச்சத்தில் சாகாது. செல்கள் செத்தனவா என்று மறுநாள் பார்க்கக் கீழ்த் தட்டிலிருந்துதான் மீன் எடுத்தோம். மேல் தட்டு மீன்கள் அருமையானவை, வீணாக்க வேண்டாம் என்று அவற்றை ஒரு வாரம் கழித்துத்தான் வெட்டினோம். செல்கள் வரிசையாக நின்றன. நான் எண்ணினேன். முளைத்துவிட்டன என்று நாம் துள்ளிக் குதித்தோம். அவை சாகவே இல்லையென்றால்?

ஒரே ஒரு காரியம் செய். பல்பைக் கீழ்த் தட்டுக்கு மாற்று. இரண்டு தட்டுக்கும் உப்பு நீர் மட்டும் போடு, புரதமே வேண்டாம். என்ன வருகிறது என்று பார். நான் நினைப்பது தப்பாக இருந்தால் உன் காலில் விழுகிறேன்.

ஃபாத்திமா


ஹைதராபாத்,
29 மார்ச் 2001

ஃபாத்திமா,

கொசுவுக்குக்கூடக் கண் கூசாத வெளிச்சம் அது. நான்கு வருட உழைப்பை அதன் தலையில் கட்டப் பார்க்கிறாய்.

உனக்கு அங்கே வரவில்லை, உன் வேலை போய்விடும் என்று பயம். அதற்கு ஒரு காரணம் வேண்டும், என் பூஜை கிடைத்தது. மாட்டியவள் நீ என்பதை மறந்துவிடாதே. அப்போது உறுத்தாத என் சாமி, வெள்ளைக்காரி ஊருக்குப் போனதும் உனக்கு உறுத்துகிறதா?

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்காரர்கள் லேபைப் பார்க்க வருகிறார்கள். இதற்கெல்லாம் எனக்கு நேரமில்லை.

ப்ரியம்வதா


ஃப்ரைபுர்க்,
12 ஏப்ரல் 2001

டாக்டர் ப்ரியம்வதா அவர்களுக்கு,

உன் சாமி எனக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை. நோன்பு நாட்களில் நீ சாயங்காலம் சுண்டலை மூடி வைத்துவிட்டு, பாங்கு சொல்லும்வரை நீயும் சாப்பிடாமல் எனக்காகக் காத்திருப்பாய். அந்தப் பிரியா இப்படி எழுதுவாள் என்று நான் நினைக்கவில்லை. அந்த வரியைப் படித்துவிட்டு அழுதேன். அழுது முடித்த பிறகு கோபம்தான் மிச்சம் இருக்கிறது, அதனால் நேராகவே எழுதுகிறேன்.

நான் செல்களை எண்ணிய கண்ணாடித் தகடுகளை ஹெல்கா கேட்டார். அவை உன் அலமாரியில் இருக்கின்றன என்றேன். அவர் தலையை ஆட்டிய விதத்தைப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை கற்பனை என்று இங்கே முடிவே செய்துவிட்டார்கள், வாயால் சொல்ல ஜூன் வரை காத்திருக்கிறார்கள்.

நானே பல்பைப் பற்றிச் சொல்லிவிடலாமே என்பாய். யோசித்துப் பார். நான் எழுந்து நின்று, அங்கே சாமி படத்துக்கு விளக்கு போட்டிருந்தார்கள், அதனால் எல்லாம் தப்பாகிவிட்டது என்று சொல்கிறேன். இங்கே ஒரு வேடிக்கைக் கதையாகக் கேட்பார்கள். ஹைதராபாத்தில்? தன் திருட்டை மறைக்க ஃபாத்திமா முருகன் மேல் பழி போட்டாள் என்பார்கள். உன்னைக்கூட விட்டுவிடு, நம் லேபில் எத்தனை பேர் அப்படிச் சொல்வார்கள் என்று உனக்கே தெரியும். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வர முடியாது, பிரியா. நீ ஒருத்திதான் சொல்ல முடியும்.

சோதனையைச் செய்.

ஃபாத்திமா


ஃப்ரைபுர்க்,
18 மே 2001

பிரியா,

பதில் இல்லை. ஆஸ்பத்திரியின் அறிவிப்பை இன்டர்நெட்டில் பார்த்தேன். புதுப் பிரிவின் தலைவர் டாக்டர் ப்ரியம்வதா என்று போட்டிருக்கிறது. படத்தில் பட்டுப்புடவை நன்றாக இருக்கிறது.

கூட்டம் ஜூன் 15. இனி எழுத மாட்டேன்.

ஃபாத்திமா


ஹைதராபாத்,
8 ஜூன் 2001

ஃபாத்தி,

இது கைக்கு வரும் முன்பே உனக்கு விஷயம் தெரிந்திருக்கும். பேகம்பேட்டில் ஒரு கடையிலிருந்து திங்கட்கிழமையே ஹெல்காவுக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். ஆபீஸ் ஃபேக்ஸில் அனுப்பினால் வாசல் தாண்டாது. கடைப் பையன் ஒவ்வொரு தாளாக உள்ளே தள்ள, நான் எத்தனை போயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அதே தாள்கள்தான் பத்திரிகை ஆசிரியருக்கும் போயிருக்கின்றன.

உன் ஏப்ரல் கடிதம் வந்த அன்றே பல்பைக் கீழே மாற்றினேன். முருகனையும் கூடவே இறக்கினேன், படம் மேலேயும் விளக்கு கீழேயுமாக இருப்பது நன்றாக இல்லை. இரண்டு தட்டுக்கும் உப்பு நீர். ஒரு வாரம் கழித்து வெட்டினேன். கீழ்த் தட்டு மீன்களின் கண்ணில் செல்கள் அழகாக நின்றன. மேல் தட்டில் ஒன்றும் இல்லை, வெறிச்சென்று கிடந்தது. நம்பாமல் இன்னொரு தடவை செய்தேன். அதேதான்.

அதாவது மே மாதத் தொடக்கத்திலேயே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு படத்துக்கு நின்றேன். நீ எழுதிய அந்தச் சின்னக் கடிதம் மேசையில் கிடந்தது, நான் அதன் மேல் ஒரு புத்தகத்தை வைத்தேன். என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு, காப்பி வரவழைத்து, மெதுவாகப் பேசினார். "டெக்னிகல் ரீசன்ஸ்னு ஒரு வரி போட்டு வாபஸ் வாங்கிடலாம்மா. சாமி, பல்பு எல்லாம் வெளியில போச்சுன்னா நம்ம இன்ஸ்டிட்யூட்டையே கேலி பண்ணுவான். உங்க போஸ்டிங்குக்கும் ஒண்ணும் ஆகாது." எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு ஒரே நிம்மதி. காப்பியைக் குடித்தேன். எழுந்து கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "எப்படியும் எண்ணினது அந்தப் பொண்ணுதானே. அதுவும் இப்ப இங்க இல்ல."

டெக்னிகல் ரீசன்ஸ் என்றால் படிப்பவர்களுக்கு அது நீதான் என்று அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்து வெங்கடராமனிடம் சொன்னேன். என் கணவர் டிஃபென்ஸ்காரர், எதையும் மேலதிகாரி சொன்னபடி செய்து பழகியவர், அடங்கிப் போ என்பார் என்று நினைத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஃபாத்திமா நம்ம வீட்ல சாப்பிட்ட பொண்ணு" என்றார்.  செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

நான் எழுதியதை நீயே படித்துப் பார்க்க இங்கே தமிழில் தருகிறேன்: "முதல் ஆசிரியராகிய நான் இருட்டறையின் மேல் தட்டில் ஒரு சாமி படம் வைத்து, ஒவ்வொரு பரிசோதனையின்போதும் அதன் முன் ஒரு சிவப்பு விளக்கை எரியவிட்டேன். அந்த வெளிச்சம் மேல் தட்டு மீன்களின் கண்களைக் காப்பாற்றியது. எங்கள் புரதம் எதையும் செய்யவில்லை. எண்ணிக்கையில் தவறு ஏதுமில்லை. எண்ணியவர் கண்ணால் கண்டதையே எண்ணினார். தகடுகள் என்னிடம் உள்ளன, யாரும் வந்து எண்ணிப் பார்க்கலாம்." விளக்கு எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. அது யாருக்கும் தேவையில்லை.

விஷயம் இங்கே பரவிவிட்டது. கேன்டீனில் நான் டோக்கன் வாங்கப் போனால் பின்னாலிருந்து யாரோ "அரோகரா" என்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பிரிவுக்கு வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள். முருகனை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். பல்பு மேசை டிராயரில் கிடக்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை.

தண்டபாணிக்கு நானே கேட்டுக்குப் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "மீனுக்காவது நெசமா வருதுங்களா, இல்ல அதுவும் பொய்யா?" என்று கேட்டார். வருகிறது, ஒரு மாதம் ஆகும் என்றேன். "அப்ப அது எப்படி வருதுன்னு பாருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனார். அப்புறம் நான் அந்த கேட்டருகே வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச்சில் உன்னைப் பற்றி ஒரு வரி எழுதினேன். அதை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டாய் என்றால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

பிரியா


ஃப்ரைபுர்க்,
19 ஜூன் 2001

அன்புள்ள பிரியா,

கடிதம் இன்னும் வரவில்லை. ஃபேக்ஸைத்தான் பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கூட்டத்தில் ஹெல்கா அதை எல்லோருக்கும் உரக்கப் படித்தார். சாமி படம் என்ற இடத்தில் ஒருவன் சிரித்தான். அவர் நிறுத்தி அவனைப் பார்த்தார், அவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். படித்து முடித்து என் பக்கம் திரும்பி, பிப்ரவரியிலேயே நான் உன்னிடம் வெளிப்படையாகச் சந்தேகம் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் மனதில் வைத்துக்கொண்டேன், அது என் தவறு என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார். இரண்டாம் வருடம் உண்டு.

வாப்பாவுக்கு ஃபோன் செய்து வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். போகவே போகாது என்று தெரியும் என்றார். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

அறைக்கு வந்து உன் தாளை மறுபடி மறுபடி படித்தேன். எனக்கு ஒரு இடத்தில் கோபம் வந்தது. விளக்கை நீயே தனியாக எரியவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். எல்லாப் பெருமைக்கும் உன் பெயரை முதலில் போட்டுக்கொண்டது போதாதென்று, கேலியையும் முழுசாக நீயே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாயா? அதனால் நேற்று நானும் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு வரி அனுப்பினேன். உன் கடிதத்துக்குக் கீழேயே அதையும் போடச் சொல்லியிருக்கிறேன்.

"அந்தச் சிவப்பு விளக்கை வாங்கி வந்து மாட்டியவரும், ஒவ்வொரு முறையும் ஸ்விட்சைப் போட்டவரும் இரண்டாம் ஆசிரியராகிய நான். - ஃபாத்திமா."

வாயிலிருந்து வர முடியாது என்று ஏப்ரலில் எழுதினேன். நீ சொன்ன பிறகு எனக்கும் வந்துவிட்டது. கேன்டீனில் யாராவது உன்னைக் கேலி செய்தால், இன்னொருத்தியும் இருக்கிறாள் என்று சொல்.

நாளையிலிருந்து ஹெல்கா எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். புரதம் இல்லை, ஊசி இல்லை. ஒரு மீன் கண் தானாக எப்படித் திரும்பி வருகிறது என்று முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு மாதம் ஆகும், பொறுமை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அங்கே நீயும் ஒரு தொட்டியில் தொடங்கு. நான் பார்ப்பதை எழுதுகிறேன், நீ பார்ப்பதை எழுது.

அந்தப் பல்பைத் தூக்கி எறிந்துவிடாதே. எங்கே வைத்திருக்கிறாயோ தெரியாது, எடுத்து உன் வீட்டு சாமி அறையில் மாட்டு. அது நான் முருகனுக்கென்று வாங்கியது.

உன்,
ஃபாத்தி